பட்டா சொல்லாத சேதி

‘கிளியர் பட்டா, உடனடிப் பதிவு, வங்கிக் கடன் வசதி உண்டு.’ மனை விளம்பரங்களில் இவையெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்ற விவரத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். வாங்குகிறவரும் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று வக்கீலிடம் காட்டி, அவர் தலையசைத்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். அந்தக் காகிதங்கள் நிலம் யாருடையது என்று சொல்பவை. அதில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது நில உபயோக வகைப்பாடு.

இதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ), மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) பொறுப்பு. 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம், நிலங்களை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் உள்ளிட்ட மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் கடலோரத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் பால், மளிகை விற்கும் சிறு கடைக்கு இடமுண்டு; சரக்குக் கிடங்குக்கு இல்லை.

பஞ்சாயத்து அப்ரூவல்

ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டுமே இருந்த வரைபடத்தை ‘அப்ரூவ்டு’ என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான் பலருக்கும் இது உறைத்தது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம், முந்தைய ஆண்டு அக்டோபர் 20-க்குள் விற்கப்பட்ட மனைகளுக்குக் கைகொடுத்தது. நீர்நிலையிலும் புறம்போக்கிலும் இருந்தவற்றுக்கு அல்ல.

அங்கீகரித்த மனைப்பிரிவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதானால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கென உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்களுக்குக் காட்டப்படும் மூலை மனை அந்த இடமா என்று ஒப்புதல் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு?

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரமல்லாத கட்டடங்களுக்குப் பொதுவாகத் தளப்பரப்புக் குறியீடு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் கணக்குப்படி 4,800 சதுர அடி கட்டலாம். ஆனால் சாலை அகலத்துக்கும் கட்டட உயரத்துக்கும் ஏற்ப நாற்புறமும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் போக, கையில் மிஞ்சுவது குறையும். பக்கத்து வீட்டுக்காரர் மதில் வரை இழுத்துக் கட்டியிருப்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. குடியிருப்புக்கென அனுமதி பெற்ற வீட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றினாலும் நோட்டீஸ் வரலாம், சீலும் விழலாம்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. விவரம் தவறென்றால் பொறுப்பு சான்று தந்த உரிமையாளருடையது. அனுமதி எளிதான காலத்தில்தான் விதி தெரிந்திருப்பது கூடுதல் அவசியம்.

மண்டலத்தை மாற்றவும் வழி இருக்கிறது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நாளிதழில் அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபங்கள் கேட்கப்பட்ட பிறகே முடிவு. பக்கத்து நிலத்துக்கு அப்படி அறிவிப்பு வந்தால், எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கும் உரிமை உண்டு.

சென்னையில் மனை வாங்குகிறவர்கள் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்து சிஎம்டிஏ இணையதளத்திலேயே நில உபயோகத்தைப் பார்க்கலாம். மற்றவர்கள் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.