கல்லுக்குள் சிக்கிய வாயு

பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு மெல்ல மெல்லச் சிதைகிறது. அதில் பாதி சிதையவே சுமார் 125 கோடி ஆண்டுகள் பிடிக்கும். சிதைவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 வாயுவாகிறது. எரிமலைக் குழம்பு கொதிக்கும்போது இந்த வாயு தப்பிவிடும். இறுகியபின் உருவாகும் வாயுவோ படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

வயது அறிய, கல்லை முதலில் அணு உலையில் வைத்து அதிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு பகுதியை ஆர்கான்-39 ஆக மாற்றுகிறார்கள். பிறகு லேசரால் சூடாக்கி, வெளிவரும் இரண்டு ஆர்கான்களையும் ஒப்பிடுகிறார்கள்.

இதை நம்பலாமா? கி.பி. 79-இல் பாம்பெய் நகரைப் புதைத்த வெசூவியஸ் எரிமலையின் படிகங்களை இப்படிச் சோதித்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்த விடை 1925 ஆண்டுகள். 94 ஆண்டுகள் முன்பின் இருக்கலாம். உண்மையில் ஆகியிருந்தது 1918! பாஸ் மார்க் தாராளமாகப் போடலாம்.

ஆனால் பூமியின் மிகப் பழைய கனிமத்திடம் இந்த வித்தை பலிக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் துகள்களில் பொட்டாசியம் இல்லையென்றே சொல்லலாம். அவற்றில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்தே வயதைக் கணித்தார்கள். மிகப் பழைய துகளுக்கு வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள்.