இடி இடிச்சா குடை விரியும்!

காஷ்மீரிலும் இமாசலத்திலும் வசந்த காலத்தில் 'குச்சி' என்று ஒரு காளான் முளைக்கிறது. தேனடை மாதிரி தலை. காயவைத்த சரக்கு கிலோ பல ஆயிரம் ரூபாய்! மாசக் கடைசியில் நினைத்துப் பார்க்கிற விலையா அது?

நம்ம பட்ஜெட்டுக்கு கல்வராயன் மலை இருக்கிறது. 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் பஸ் பிடித்து வெள்ளிமலையில் இறங்கினால் போதும். இங்கே ஹீரோ, புற்றுக் காளான்.

மலையில் வாழும் பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளா பக்கம் போய்விடாதீர்கள். பேசுவது சுத்தமான தமிழ்! மழை பெய்த மறுநாள் காலை, கூடையோடு கிளம்பிய ஒரு பெரியவர் பின்னால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"மேல பாத்து நடக்காத தம்பி. மண்ணப் பாரு!"

பார்த்தேன். வரிசையாக வெள்ளைக் குடைகள்! பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, குச்சியால் தோண்டினார். தண்டு வேர் மாதிரி நீண்டுகொண்டே போய், கறையான் கூட்டுக்குள் முடிந்தது.

விஷயமே அங்கேதான். சருகையும் மரத்தையும் தின்று கறையான் போடுகிற கழிவு, ஸ்பான்ஜ் மாதிரி அடையாகிறது. அதில் காளான் வளர்கிறது. கறையானுக்குச் செரிக்காததைக் காளான் பக்குவப்படுத்த, கறையான் அதைச் சாப்பிடுகிறது. இந்த மெஸ் சுமார் 3 கோடி வருஷமாக நடக்கிறது! கறையான் பார்ட்னர் இல்லாமல் வளராது என்பதால், பட்டன் காளான் போலப் பண்ணையில் இது விளைவதில்லை. இதில் ஒரு வகைக்கு, பிரெஞ்சு நிபுணர் ரோஜர் ஹைம் நினைவாக 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமி' என்று 1979-ல் பெயர் வைத்தவர் நம்ம ஊர் விஞ்ஞானி நடராஜன்.

சற்றுத் தள்ளி இன்னொரு வெள்ளைக் குடை. பெரியவர் தொடவில்லை.

"ஏன் ஐயா?"

"அடியில மடிப்பு பச்சையா ஓடுது பாரு. வேரும் இல்ல. இது வேற ஆளு."

அந்த 'வேற ஆளு' நம்ம புல்தரையிலும் முளைக்கும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அதைவிட மோசம், வெளிநாடுகளில் அதிகமாக உள்ள 'டெத் கேப்'. வயிற்றுவலி அடங்கி, ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். 2023-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மதிய விருந்தில் இதைத் தின்று மூன்று பேர் இறந்தார்கள். சமைத்த பெண் கொலைக் குற்றவாளி என 2025-ல் தீர்ப்பானது.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு கறுத்தால் விஷம் என்பதெல்லாம் சும்மா. நம்பினால் ஆஸ்பத்திரிதான். பெரியவரிடம் காசு டெஸ்ட் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"சந்தேகம்னா உட்டுடு தம்பி. மழை மறுபடியும் வரும்... உசுரு வருமா?"