ஒரு சாண் மீன் இரண்டு சாண் ஆனால்?

ஒரு சாண் நீளத்தில் ஒரு மீன். எடை 150 கிராம். அதே மீன் வளர்ந்து இரண்டு சாண் ஆகிவிட்டது. இப்போது அதன் எடை என்ன?

இரண்டு மடங்கு, அதாவது 300 கிராம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தராசில் போட்டால் ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம் இருக்கும். எட்டு மடங்கு!

தீப்பெட்டிக் கணக்கு

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப்போல் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கான ஒரு பெட்டி செய்ய வேண்டும். எத்தனை தீப்பெட்டிகளை அடுக்க வேண்டும்? எட்டு! மீனும் அப்படித்தான். நீளும்போது கூடவே பருக்கிறது, முதுகும் உயர்கிறது.

எல்லா மீனும் ஒரே வார்ப்பு அல்ல. விரால் உருட்டுக்கட்டை போல நீண்டது. கட்லாவோ பெருந்தலையும் அகன்ற உடலும் உள்ளது. நீளம் ஒன்றாக இருந்தாலும் எடையில் கட்லா முந்திவிடும். முட்டை நிறைந்த வயிறு எடையைக் கூட்டும். முட்டையிட்டபின் அதே மீன் மெலிந்துவிடும்.

இங்கிலாந்தில் விண்டர்மியர் என்ற ஏரி இருக்கிறது. அங்குள்ள மீன்களை அளந்தும் நிறுத்தும் லெ கிரென் என்ற ஆராய்ச்சியாளர் 1951-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'இந்த நீளத்துக்கு இவ்வளவு எடை இருக்க வேண்டும்; இருக்கிறதா?' என்று பார்ப்பது அவர் முறை. எடை குறைந்தால் மீனுக்கு இரை போதவில்லை என்று சந்தேகிக்கலாம். குழந்தையின் உயரத்தையும் எடையையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

அளப்பதும் சுலபமே. பலகையில் மீனைக் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பார்கள். வால் கிழிந்திருக்கலாம் என்பதால், வால் தொடங்கும் இடம்வரை தனியாக ஓர் அளவும் எடுப்பது உண்டு. நிறுக்கும் முன் ஈரத்தைத் துடைப்பார்கள்.

கண்மாயில் நடக்கும் போட்டி

இனி அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வறண்ட பூமிக்கு வருவோம். குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வருகிறது. வெயில் ஏற ஏற வற்றுகிறது. மீனுக்குக் கிடைப்பது சில மாதங்களே!

மனிதன் இருபது வயதை ஒட்டி உயர்வதை நிறுத்திக்கொள்கிறான். மீன் அப்படி அல்ல. வயது ஏறினால் வேகம் குறையுமே தவிர, பெரும்பாலான மீன்கள் உயிர் உள்ளவரை வளரும். ஆனால் தண்ணீர் இருக்க வேண்டுமே!

ஆகவே கடைசி நாட்களுக்கு மதிப்பு அதிகம். 20 சென்டிமீட்டர் மீன் 25 சென்டிமீட்டர் ஆனால், கண்ணுக்கு வித்தியாசம் மூன்று விரற்கடைதான். தராசிலோ கிட்டத்தட்ட இரட்டிப்பு! அவசரப்பட்டு வலை வீசினால் நஷ்டம் என்பது இதனால்தான்.

அதற்காக ஒரேயடியாகக் காத்திருக்கவும் முடியாது. தண்ணீர் குறைந்து சூடேறினால் மூச்சுக் காற்றும் குறையும். விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால் அது அபாய அறிவிப்பு. விரால் மட்டும் கவலைப்படாது. மேலே வந்து வெளிக்காற்றையே சுவாசித்துக்கொள்ளும்.

இன்னொரு வழி, விடும்போதே பெரிய குஞ்சாக விடுவது. பொடிக் குஞ்சு விராலின் வாய்க்கு இரையாகும். விரல் நீளக் குஞ்சு தப்பிப் பிழைக்கும். குறுகிய காலத்தில் எடையும் காட்டும். ஒரு காலத்தில் கட்லா, ரோகு குஞ்சுகளை ஆற்றில் அரித்துத்தான் எடுத்தார்கள். 1957 ஜூலை 10-ந் தேதி, இன்றைய ஒடிசாவில், ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி வெற்றி கண்டார். மீனின் மூளையடியில் உள்ள சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, வளர்ப்புக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். பண்ணையிலேயே குஞ்சு கிடைக்க அது வழி திறந்தது.

குஞ்சா, கிழவியா?

ஜிலேபிக் கெண்டையின் கதை வேறு. 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் இது. இரண்டு, மூன்று மாதத்திலேயே தாயாகிவிடும்! முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் பெருகப் பெருக இரை போதாது. தின்றது உடம்பில் ஒட்டாமல் முட்டைக்கே போய்விடும். அதனால் நெருக்கடியான குளத்தில் விரல் நீளத்திலேயே நின்றுவிடுகிறது.

அதைப் பார்த்து, "குஞ்சுதானே, விட்டால் வளரும்" என்று தண்ணீரிலே திரும்பப் போடுகிறவர் உண்டு. அது பல பிள்ளை பெற்ற கிழவியாகவும் இருக்கலாம்!