பாக்டீரியாவும் மாஸ் பங்க் அடிக்கும்!

மாஸ் பங்க் அடிச்ச அனுபவம் இருக்கா? ஒருத்தன் மட்டும் கிளாஸுக்கு வரலைன்னா, மறுநாள் ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் தவம் கிடக்கணும். மொத்த கிளாஸும் வரலைன்னா யாரைன்னு திட்டுவாங்க? ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான வேலை இருக்கு. 'எத்தனை பேர் ரெடி?'னு தலையை எண்ணணும். நாற்பது பேர் சேர்ந்தா பங்க், நாலே பேர்னா பேசாம கிளாஸ்!

இந்த ஐடியா நம்மளோடதுன்னு நினைச்சா, ஸாரி பாஸ்! கண்ணுக்கே தெரியாத பாக்டீரியா நமக்கு சீனியர்.

எங்க ஊர் திருத்தணி. ஆடிக் கிருத்திகை வந்துட்டா, ஆந்திராவில் இருந்தும் காவடிகள் வந்து குவியும். 365 படியிலும் தலைகள்தான். போன வருஷம் மலையேறிட்டு வந்த என் அத்தை பையனுக்கு ராத்திரியே வயித்தால போக ஆரம்பிச்சது. மெடிக்கல் ஷாப்பில் தானே போய் ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு மாத்திரை போட்டான். காலையில் எழுந்து நிக்கவே முடியலை. 'முதல்ல உடம்புல தண்ணி நிக்கட்டும், மாத்திரை எதுன்னு நான் சொல்றேன்'னு டாக்டர் திட்டினார். நல்லவேளை, காலரா இல்லை. ஆனா, அன்னிக்குத்தான் நான் காலரா பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

கோரம் இருக்கா?

1970-ல் நீல்சன், ஹேஸ்டிங்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிகளும் அவங்க டீமும், கடலில் ஒளி விடும் ஒரு பாக்டீரியாவை குடுவையில் வளர்த்தாங்க. கொஞ்சமா இருந்தப்போ இருட்டு. கூட்டம் சேர்ந்ததும் மொத்தமா பளிச்! காரணம் சிம்பிள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு ரசாயனத்தை வெளியே விட்டுக்கிட்டே இருக்கு. கூட்டம் கூடக் கூட, அந்த ரசாயனமும் சுற்றிலும் சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு அளவைத் தாண்டினதும், 'நம்ம ஆளுங்க வந்தாச்சு'னு எல்லாமே ஒரே நேரத்தில் மரபணு சுவிட்சைப் போடும்.

1994-ல் இதுக்கு 'குவாரம் சென்சிங்'னு பேர் வெச்சாங்க. பஞ்சாயத்துக் கூட்டத்தை 'கோரம் இல்லை'ன்னு தள்ளி வைப்பாங்களே, அதே கோரம்தான்!

ஒளி விடுறதோட நிறுத்திக்கிட்டா பரவாயில்லை. தீக்காயத்தில் புகுந்து படுத்துற சூடோமோனாஸும் இதே டெக்னிக்தான். ஆள் குறைவா இருக்கும்போது அடக்கி வாசிக்கும். கூட்டம் சேர்ந்ததும் விஷத்தையும் திசுவை அரிக்கிற என்சைம்களையும் அவுத்து விடும். நம்ம உடம்போட காவல்படை முழிச்சுக்கறதுக்குள்ள படையே ரெடி!

காலரா மட்டும் உல்ட்டா

காலராவுக்கும் நமக்கும் பழைய கணக்கு உண்டு. உடம்புத் தண்ணியை உறிஞ்சி வெளியேத்துறது கிருமி விடுற விஷம்தான்னு 1959-ல் நிரூபிச்சவர், கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. பெருசா பரவுற காலராவுக்கு 'ஓ1' வகைதான் காரணம்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்தப்போ, 1992 கடைசியில் 'ஓ139'னு ஒரு புது வகை சென்னையில் தலைகாட்டிச்சு. சில மாசத்தில் கொல்கத்தா, வங்கதேசம்னு பரவிடுச்சு. பழைய காலராவுக்கு உடம்பில் எதிர்ப்பு சக்தி இருந்த பெரியவங்களையும் அது விடலை.

இந்தக் காலராக் கிருமி சூடோமோனாஸுக்கு நேர் எதிர். சின்ன கும்பலா இருக்கும்போதுதான் குடலில் ஒட்டிக்கிட்டு விஷத்தைக் கக்கும். கூட்டம் சேர்ந்ததும் விஷத்தை நிறுத்திட்டு, ஒட்டினதை விட்டுட்டு, வயித்துப்போக்கோட வெளியே கிளம்பிடும். அடுத்த குளம், அடுத்த குடம், அடுத்த ஆள்! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போனி பேஸ்லரோட டீம் 2002-ல் இந்த ரகசியத்தின் பெரும்பகுதியை உடைச்சது. அசல் மாஸ் பங்க் இதுதானே!

போனை ஜாம் பண்ணு!

இங்கேதான் இன்ட்ரஸ்ட்டிங் மேட்டர். கிருமியைக் கொல்லாம, அது பேசிக்கற பேச்சையே குழப்பினா? ஆன்டிபயாடிக் அடிக்கும்போது தப்பிப் பிழைக்கிற கிருமி மட்டும் பெருகி, கடைசியில் மருந்துக்கே அடங்காமப் போகுது. பேச்சை மட்டும் நிறுத்தினா அந்த ஆபத்து குறையலாம்னு ஒரு நம்பிக்கை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், தஞ்சாவூர் சாஸ்த்ரானு நம்ம ஊர் லேப்களிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கு.

காலரா விஷயத்தில் ட்ரிக்கே வேற. 2010-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், சாதுவான ஈ.கோலை பாக்டீரியா ஒண்ணுக்கு காலராவோட சிக்னலையே பேசக் கத்துக்கொடுத்தாங்க. அதை முன்கூட்டியே எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துட்டு, அப்புறம் காலராக் கிருமியை உள்ளே விட்டாங்க. 'கூட்டம் சேர்ந்தாச்சு போல'ன்னு கிருமி ஏமாந்து விஷத்தைக் குறைச்சுக்கிச்சு. பெரும்பாலான குட்டிகள் பிழைச்சுக்கிச்சு!

இது எலியோட கதை. நம்ம கைக்கு மருந்தா வர இன்னும் தூரம் இருக்கு. காலரா அதுவரைக்கும் காத்திருக்காது. சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்ச்சிடும். அதனால கையில் இருக்கிற மருந்தை மறக்காதீங்க. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கிக் கொடுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஆன்டிபயாடிக் வேணுமா, வேணாமானு அவர் சொல்லட்டும்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊருக்கு வாங்க. காய்ச்சி ஆறின தண்ணியை பாட்டிலில் எடுத்துக்கிட்டு வாங்க. என் அத்தை பையன் இப்போ ரெண்டு பாட்டில் தூக்கிக்கிட்டுத்தான் படியேறுறான். ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணு கூட வர்றவங்களுக்கு!