கேமராவுக்கு எத்தனை பூட்டு?

வீட்டுக் கணினி வைத்தியம் – 14

2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இணையவழியில் நடத்தியது. கேமராவும் மைக்கும் இணைய வசதியும் உள்ள கருவி கட்டாயம் என்பது விதி. 2021 பிப்ரவரியில் நடந்த அடுத்த சுற்றில், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கேமரா வழியாக மாணவர்களைக் கண்காணித்தது. முறைகேடு சந்தேகம் என்று பலரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட, ஏராளமானோர் தோல்வி அடைய, புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டு மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வை அறிவித்தார்.

பொறியியல் கல்லூரிகள் நிறைந்தது ஆவடி வட்டாரம். கோவில்பதாகை போன்ற இடங்களில் லேப்டாப்பின் தலைப்பகுதியில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணுக்குத் திடீர் மரியாதை வந்தது அப்போதுதான். இன்றைக்கும் வேலைக்கான நேர்காணல், வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் பேச்சு என்று எல்லாம் அதன் வழியாகத்தான். அது இருண்டுபோனால், "கேமரா போச்சு" என்று சர்வீஸ் கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் கேமரா போயிருக்காது. யாரோ அதைப் பூட்டியிருப்பார்கள். அந்த 'யாரோ' பல நேரங்களில் லேப்டாப்புக்குச் சொந்தக்காரரேதான்.

ஒரு கேமராவுக்கு எதற்கு இத்தனை பூட்டு? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம், மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோன கணினியின் கேமரா வழியாகவே பள்ளி நிர்வாகம் மாணவர்களைப் படம் பிடித்தது 2010இல் அம்பலமானது. வழக்கு 6,10,000 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. கேமரா ஓடும்போது பக்கத்தில் எரியும் விளக்கை நம்பலாமே என்றால், அதற்கும் அடி விழுந்தது. 2008க்கு முந்தைய சில மேக்புக்குகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். 2016இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில், பின்னால் இருந்த லேப்டாப்பின் கேமராமேல் டேப் ஒட்டியிருந்ததை உலகமே உற்றுப் பார்த்தது.

பயம் பரவியது. லேப்டாப் நிறுவனங்கள் கேமராவுக்கு மூடி வைத்தன, தனி பட்டன் வைத்தன. மைக்ரோசாஃப்ட் செட்டிங்ஸில் அனுமதி கேட்டது. பிரவுசர் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டது. ஒற்றன் நுழையாமல் இருக்க வைத்த பூட்டுகளில் வீட்டுக்காரரே மாட்டிக்கொள்வதுதான் இன்றைய பிரச்சினை. பூட்டுகளை வெளியிலிருந்து உள்ளே, காசு செலவில்லாததிலிருந்து செலவுள்ளது வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே வைத்தியம்.

முதலில் மூடி. விளக்கு எரிகிறது, படம் மட்டும் கருப்பு என்றால் கேமரா வேலை செய்கிறது, ஏதோ மறைக்கிறது என்று பொருள். கண்ணுக்கு மேலே சிறு தள்ளுமூடி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கடையில் வாங்கி ஒட்டிய பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அத்தகைய மூடியோடு லேப்டாப்பைச் சாத்தினால் திரை உடையக்கூடும் என்று ஆப்பிள் 2020இல் எச்சரித்தது.

அடுத்தது பட்டன். கீபோர்டின் மேல்வரிசையில் கேமரா படமும் குறுக்குக் கோடும் போட்ட ஒரு விசை இருக்கலாம். எஃப் 8, எஃப் 10 என்று கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். சில மாடல்களில் பக்கவாட்டில் சுவிட்ச். படம் வரவேண்டிய இடத்தில் குறுக்குக் கோடு போட்ட கேமரா சின்னம் தெரிந்தால், பிழை பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, விண்டோஸ் செட்டிங்ஸ். பிரைவசி பகுதியில் கேமரா என்ற பக்கத்தைத் திறந்தால், ஆப்களுக்கு அனுமதி என்ற சுவிட்ச் மேலே இருக்கும். அதை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் பலர். பக்கத்தின் அடிப்பகுதியில் 'டெஸ்க்டாப் ஆப்'களுக்கு இன்னொரு சுவிட்ச் உண்டு. குரோம் போன்ற பிரவுசர்கள் வருவது அந்தக் கணக்கில்தான். அதன்பின் பிரவுசரின் முகவரிப் பட்டைக்கு இடதுபுறம் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் 'பிளாக்' அழுத்திவிட்டால் குரோம் மறுபடி கேட்காது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சிலவும் கேமராவைத் தடுத்து வைக்கும்.

விண்டோஸின் கேமரா ஆப் காட்டும் பிழை எண்ணும் துப்பு கொடுக்கும். 4243 என்று முடிந்தால் வேறொரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. மீட்டிங் முடிந்தும் மூடாத ஜூம், பின்னணியில் ஓடும் டீம்ஸ் என்று தேடி மூடினால் போதும். 4244 என்றால் கணினிக்குக் கேமராவே தென்படவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, அப்டேட் போட்டதும் போச்சு" என்பவர்களின் புகாரை ஒதுக்கிவிட முடியாது. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10க்கு வந்த ஆண்டு நிறைவு அப்டேட், நல்ல நிலையில் இருந்த கேமராக்களை முடக்கியது. ஒரே நேரத்தில் பல ஆப்கள் கேமராவைப் பயன்படுத்தட்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்றம் செய்தது. அதன் விளைவாக, கேமரா சுருக்கி அனுப்பும் வீடியோ வடிவங்கள் ஆப்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்தது. மைக்ரோசாஃப்டே தவற்றை ஒப்புக்கொண்டு பிறகு சரிசெய்தது.

பெரும்பாலான லேப்டாப்புகளின் உள்ளே இருப்பதும் யுஎஸ்பி கேமராதான். டிவைஸ் மேனேஜரில் அதன் டிரைவரை முந்தைய நிலைக்குத் திருப்பலாம். முடியாவிட்டால் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். பெரும்பாலான மாடல்களுக்கு விண்டோஸிலேயே இருக்கும் பொது டிரைவர் போதும்.

ஆவடி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இன்னொரு கணினி வரலாறு உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இங்கே காக்களூரில்தான். அந்தக் காலத்து விண்டோஸ் 7 இன்னும் ஓடும் லேப்டாப் என்றால் ஒரு விஷயம்: அதில் கேமரா ஆப் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆப் இல்லாததைக் கேமரா இல்லாததாக எண்ணிவிட வேண்டாம்.

மென்பொருளா, வன்பொருளா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் குற்றவாளி விண்டோஸ். அங்கேயும் வராவிட்டால் பயாஸில் கேமரா அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபிளைச் சந்தேகிக்கலாம். கேமராவின் மெல்லிய ஒயர் திரையின் கீல் வழியாக இறங்கி மதர்போர்டுக்குப் போகிறது. திறந்து மூடித் திறந்து மூடி நைந்துபோகும் இடம் அது. திரையைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்பப் படம் வந்து வந்து போனால் ஒயர்தான்.

இந்தக் கட்டத்தில்தான் கடைக்குப் போக வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்கே போவதானால், லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குக் கேமரா பலகையும் ஒயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பிரித்து மாட்டும் கூலியையும் கேட்டுக்கொண்டு, வெளியே மாட்டும் யுஎஸ்பி கேமராவின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

(அடுத்த வாரம்: படம் வருகிறது, குரல் போகவில்லை – மைக்கின் கதை)