கழற்றும் முன் ஒரு கோடு

பழைய பிக்கப்பின் டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற நான்கு போல்ட்டுகளை எடுத்தால் போதும். ஆனாலும் ஸ்பேனரைத் தொடும் முன், ஷாஃப்டும் டிஃபரென்ஷியல் யோக்கும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார் தேர்ந்த மெக்கானிக்.

1973 முதல் 1986 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பையே எடுத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் சேஸிஸோடு நிற்கிறது. பின் ஆக்ஸிலோ பட்டை ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்த யூ-ஜாயின்ட் உண்டு. சாய்ந்த நிலையில் சுழலும்போது இந்த ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். சாய்வு 10 டிகிரி என்றால் வேகம் 1.5 சதவீதம் ஏறி இறங்கும். 30 டிகிரியில் அது சுமார் 15 சதவீதம். முன் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோளாறைப் பின் ஜாயின்ட் நேர் செய்துவிடும். அதற்கு ஷாஃப்டின் இரு யோக்குகளும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். ஒற்றைத் துண்டு ஷாஃப்டில் இதை வெல்டிங்கே பார்த்துக்கொள்ளும். இரண்டு துண்டு ஷாஃப்டில் ஸ்ப்ளைனை ஒரு பல் மாற்றிச் செருகினாலும் அதிர்வு வரும்.

அடுத்தது பேலன்ஸ். மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமாக ஷாஃப்டை வெளியே இழுக்கும். யோக்கிலும் இம்மி அளவு கோணல் இருக்கலாம். ஓடிப் பழகிய ஜோடியைக் கலைக்காமல் வைக்கத்தான் அந்தக் கோடு.

கழற்றும்போது முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுப்பது கட்டாயம். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பார்க்' பிடிப்பது கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டை மட்டுமே. டிரைவ் ஷாஃப்ட் வெளியே வந்ததும் பின் சக்கரங்களுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிடும், சரிவில் வண்டி உருளும். போல்ட்டுகள் வந்தவுடன் கிராஸின் இரு கப்புகளையும் டேப்பால் சுற்றிவிட வேண்டும். உள்ளே வரிசையாக நிற்கும் ஊசி உருளைகளைப் பிடித்திருப்பது கிரீஸ்தான். ஒன்று சரிந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக உட்காராது. இறுக்கி ஓட்டினால் கிராஸ் சீக்கிரமே போய்விடும். ஷாஃப்டை உருவியதும் கியர்பாக்ஸின் பின்வாயில் எண்ணெய் ஒழுகும். அடியில் தட்டு வைப்பது நல்லது.

மாட்டும்போது கோடுகள் நேர்ப்பட வேண்டும். புது கிராஸ் போட்ட பிறகு வேகத்தில் அதிர்வு தெரிந்தால், பின்முனையை மட்டும் அவிழ்த்து அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். இரு பக்கக் கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அதிர்வு அடங்குவதுண்டு. அடங்காவிட்டால் ஷாஃப்ட் பேலன்ஸிங்குக்குப் போக வேண்டியதுதான்.