லக்கேஜ் தராசு இருந்தா போதும், டார்க் ரெஞ்ச் ரெடி!

செமஸ்டர் லீவுல வீட்டு வாசல்ல பைக்கைக் கழற்றிப் போடுற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான். ஆயில் மாற்றுவது, செயின் டைட் செய்வது எல்லாம் வீடியோ பார்த்தே கத்துக்கலாம். ஆனா கடைசியில ஒரு கேள்வி வரும்: இந்த நட்டை எவ்வளவு இறுக்கணும்? "கை தாங்குற வரைக்கும்" என்பது பதில் இல்லை. அதுக்கு ஒரு எண் இருக்கு.

போல்ட்டை ஒரு கெட்டியான ஸ்பிரிங் என்று நினைச்சுக்கோங்க. இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவா இறுக்கினா அதிர்வில் கழலும். அதிகமா இறுக்கினா மரை போயிடும். இன்ஜின் டிரெயின் போல்ட் இரும்பு, அது ஏறும் கேஸ் அலுமினியம். அதனால் முதலில் போவது கேஸில் உள்ள மரைதான். அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் அலையணும். பின்சக்கர ஆக்சில் நட்டு லூசா இருந்தா இன்னும் மோசம்; ஓடும்போதே சக்கரம் நகரலாம்.

சரியான எண், நியூட்டன் மீட்டர் கணக்கில், உங்க பைக்கின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதை அளக்கும் டார்க் ரெஞ்ச் நம்ம பாக்கெட்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனா முதல் வருஷம் படிச்ச மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? முறுக்குவிசை = விசை × செங்குத்துத் தூரம். விசையை அளக்க ஒரு தராசு, தூரத்துக்கு ஒரு பைப். அவ்வளவுதான்.

செய்முறை:

1. ஸ்பேனரின் மறுமுனை நுழையுற அளவுக்கு ஒரு ஜி.ஐ. பைப் துண்டு எடுங்க. பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும்.

2. பைப்பை ஸ்பேனரில் மாட்டி, நட்டின் மையத்திலிருந்து சரியா 50 செ.மீ. தூரத்தில் ஒரு துளை போடுங்க. பிசிரை அரத்தால் தேய்ச்சிடுங்க. பைப் எதுவரை உள்ளே போகணும் என்று மார்க் பண்ணி வையுங்க.

3. துளையில் தராசின் கொக்கியை மாட்டுங்க. முள் உள்ள ஸ்பிரிங் தராசு நல்லது. டிஜிட்டலில் பல, எண்ணைப் பிடிச்சு நிறுத்திடும்.

4. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டு, வாளியின் எடையைக் கழிச்சு, தராசு சரியா காட்டுதான்னு பாருங்க.

இப்போ கணக்கு. மேனுவலில் ஆக்சில் நட்டுக்கு 60 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 ÷ 0.5 = 120 நியூட்டன். அதை 9.81 ஆல் வகுத்தால் சுமார் 12.2 கிலோ. தராசு அதைக் காட்டும்வரை மெதுவா, வெட்டி இழுக்காம இழுங்க. டிரெயின் போல்ட்டுக்குப் பைப் வேண்டாம். ஸ்பேனரிலேயே 20 செ.மீ. தூரத்தில் கயிறு கட்டி அதே 12.2 கிலோ இழுத்தால் கிடைப்பது 24 நியூட்டன் மீட்டர்தான். இழுப்பு ஒண்ணுதான், தூரம் மட்டும்தான் மாறியிருக்கு.

மூணு விஷயத்தில் கவனம். ஒன்று, கோணம் 90 டிகிரி இருக்கணும். 60 டிகிரியில் இழுத்தால் சுமார் 13 சதவீதம் போயிடும். இரண்டு, மேனுவல் சொல்லாத இடத்தில் மரைக்கு ஆயில் போடாதீங்க. நாம கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது. உராய்வு குறைந்தால் அதே எண்ணுக்குப் போல்ட் அதிகமா நீளும். மூன்று, பைக் ஸ்டாண்டிலிருந்து சாயாம இருக்க ஒரு நண்பரைப் பிடிக்கச் சொல்லுங்க.

சிலிண்டர் ஹெட், பிரேக் காலிப்பர் போல்ட்டுகளுக்கு இந்த முறை வேண்டாம். அங்கே துல்லியம் தேவை. நிஜ டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாகிட்ட விட்டுடுங்க.

வேலை முடிஞ்சதும் நட்டு மேலயும் பக்கத்துப் பாகத்து மேலயும் சேர்த்து பெயின்ட்டில் ஒரே கோடு போடுங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டுப் பாருங்க. கோடு நேரா இருந்தா நட்டு அசையலை. விலகியிருந்தா, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி தராசை எடுங்க.